கவுன்சிலருக்குத் தெரிந்த வேற்று மொழி

1

இந்தக் கதை ஒரு மிரட்டலில் பிறந்தது.

"மாநிலத்தோட எதிர்காலம் பத்தி ஒரு கதை வேணும். பிணம் விழக் கூடாது!" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

பிணம் இல்லாமல் எனக்குப் பேனா நகராது. இருந்தும் தொடங்கினேன்:

கவுன்சிலர் கதவைத் தள்ளினாள். கட்டிலில் அவள் அப்பா, அசைவற்று...

(அடித்துவிட்டேன். அப்பா உயிரோடுதான் இருக்கிறார். பக்கவாதம்.)

2

அவள் வார்டில் பழைய தெருக்களில் பாதி வீடு பூட்டு. பிள்ளைகள் வெளிநாட்டில். புதுத்தெருவோ பிதுங்கி வழிகிறது: பிழைக்க வந்தவர்கள், வேறு மொழி, இப்போதுதான் ஓட்டுரிமை. 'வந்தவர்களுக்குக் குழாய் கிடையாது' என்று முழங்கி, போன முறை ஜெயித்தவள், இந்த முறை அவர்கள் ஓட்டு இல்லாமல் கரையேற முடியாது.

3

அப்பாவைக் கவனித்துக்கொள்கிறவள் புதுத்தெருக்காரி.

"இன்னிக்குப் புதுத்தெருக் கூட்டத்துல உங்க பாஷையிலேயே பேசப்போறேன். அப்பாகிட்ட நீ பேசறதைக் கேட்டே எனக்கு மனப்பாடம்."

"அக்கா, அதெல்லாம் படுத்திருக்கிறவங்ககிட்ட பேசறது!"

"பேச்சுன்னா பேச்சுதான். வண்டியை எடுக்கச் சொல்லு!"

அப்பா கோணிய வாயால் முனகினார்: "டெபாசிட் காலி."

[இங்கே வெடிகுண்டு வைக்க இருந்தேன். அவள் கையில் மைக் இருக்கிறது, போதும்.]

4

"பயப்படாதீங்க, நான் புடிச்சுக்கறேன்," என்றாள் அவர்கள் மொழியில். கூட்டம் விழித்தது.

"மெல்ல எந்திரிங்க. ராத்திரி தூங்கினீங்களா?"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிச்சமிருந்ததையும் சொன்னாள்:

"தாகமா இருக்கா?"

சிரிப்பு நின்றது. காலிக் குடத்தோடு ஒருத்தி சொன்னாள், "ஆமா." பிறகு தெருவே சொன்னது.

அடுத்த வாக்கியமும் அவளுக்குத் தெரியும். சொன்னால் பழைய தெருக்களின் ஓட்டு போச்சு. மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தாள்.

"இதோ, கொண்டு வரேன்."

5

அவளை ஜெயிக்கவைத்து எழுதினேன். கிழித்தேன். தோற்கவைத்தேன். அதையும் கிழித்தேன். ஓட்டுப்பெட்டி உங்களிடம், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது கூட்டம் முடிந்து அன்று வீட்டில் நடந்தது மட்டும்.

"உங்க பாஷையில நன்றிக்கு என்ன சொல்லணும்?"

"இந்த ரூம்ல யாரும் சொன்னதில்லையேக்கா. அதான் உங்களுக்குத் தெரியலை."

சொல்லிக்கொடுத்தாள். மகள் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். கட்டிலிலிருந்து இன்னொரு குரல், கோணலாக, அவளுக்கும் முன்னால் சொல்லி முடித்தது.

பிணம் விழாத கதையை இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் அதே வார்த்தை.