பக்கவாட்டுச் சுவிட்ச்

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் ‘பிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வந்து “நெட் வரலக்கா” என்று மூக்கைச் சிந்தினாலும் அவள் முதலில் கேட்பது, “பிங் போட்டுப் பாத்தியா?” என்பதுதான். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்த்து ‘இருக்கியா?’ என்று கேட்கும், அது ‘இருக்கேன்’ என்று சொல்லும். பிங் என்றால் அவ்வளவுதான். இருநூற்றுப் பத்து லேப்டாப், அத்தனையிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், அத்தனைக்கும் வைத்தியம் பார்ப்பவள் அவள் ஒருத்தி. வைஃபை கார்டு மக்கர் பண்ணும், அதை இயக்கும் டிரைவர் புரோகிராம் கிடைக்காது, தூங்கப்போன மெஷின் விழிக்காது, எதற்கும் அசரமாட்டாள். ஒரே ஒரு மெஷின்தான் இரண்டு வாரமாக அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. அது கணக்கில் இல்லாத இருநூற்றுப் பதினோராவது. ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில், அவளுடைய அப்பாவின் மேஜைமேல் இருந்தது.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். முப்பத்தைந்து வருடம். அவர் “ஒரு தரம்!” என்று எடுத்தால் சந்தையின் மறுகோடியில் மூட்டை இறக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். வீட்டிலும் அதே குரல்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். போன வருடம் வந்த பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஊரையே அதட்டிய வாயில் ‘ஆ’வும் ‘ம்’மும் மிச்சம்.

பழைய லேப்டாப் ஒன்றைத் துடைத்து, லினக்ஸ் ஏற்றி, இடது கையால் தட்டினால் அதுவே உரக்கப் படித்துச் சொல்லும்படி செய்து கொடுத்தவள் அவள்தான். மேல்வரிசையின் கடைசிப் பட்டனுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். அதை அமுக்கினால் அவளுக்கும் தம்பிக்கும் ‘உடனே வா’ என்று செய்தி போகும். தம்பி அப்பாவோடு இருக்கிறான், ஆனால் பஸ் ஓட்டுகிறவன். வண்டியில் ஏறினால் போன் லாக்கருக்குப் போய்விடும், மாலை ஆறுக்குத்தான் வெளியே வரும். போன மாதம் அப்பா வீட்டு நடையில் விழுந்து, தவழ்ந்து வந்து, எட்டி அந்தப் பட்டனைத்தான் அமுக்கினார். அவள் பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தையைப் போனில் பிடித்துத் தூக்கிவிடச் செய்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கிருந்தபடியே அந்த லேப்டாப்பின் கேமராவையும் மைக்கையும் திறந்து பார்க்க ஒரு புரோகிராம் போட்டாள். திறக்கும்போதெல்லாம் லென்ஸ் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு விளக்கு எரியும். முதலில் நாளைக்கு மூன்று தடவை எட்டிப் பார்த்தாள். அப்புறம் இருபது ஆனது.

அதற்கு நாலைந்து நாள் கழித்துத்தான் நெட் அறுபட ஆரம்பித்தது. மதிய நேரமாகப் பார்த்து, ஒரு நாள் இரண்டு மணிக்கு, ஒரு நாள் மூன்றரைக்கு. முப்பது நிமிடமோ ஐம்பது நிமிடமோ செத்துக் கிடக்கும், பிறகு தானாக உயிர் வரும். அவளுடைய இரண்டாவது திரையில் அப்பாவின் லேப்டாப்புக்கான பச்சைப் புள்ளி சிவப்பாகும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்துகிடந்தால் பட்டனை அமுக்கினாலும் செய்தி வராதே.

மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். மின்சேமிப்பை நிறுத்திப் பார்த்தாள். வைஃபை சேனலை மாற்றினாள். டிரைவரைப் பழையதாக்கினாள், புதியதாக்கினாள். தம்பியை அதட்டி ரௌட்டரை அலமாரி மேலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து மறுபடி அலமாரிக்கும் நகர்த்த வைத்தாள். “சாமி சிலை மாதிரி ஊர்வலம் விடறேன், இன்னும் எங்க வைக்கணும் சொல்லு” என்றான் அவன்.

மெஷின் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவில் ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் இருந்தது: ரேடியோ சுவிட்சால் அணைக்கப்பட்டது. அந்த மாடலின் இடது பக்க விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச் உண்டு. தள்ளினால் ரேடியோ, அதாவது வைஃபை, போய்விடும். ஸ்பிரிங் செத்துவிட்டது, சூட்டில் தானாக நழுவுகிறது என்று அவள் முடிவு கட்டினாள். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள்: ‘அப்பா, பக்கத்துல இருக்கிற சுவிட்சைத் தொட்டீங்களா?’

‘வேலையப் பாரு’ என்று பதில் வந்தது. இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சுவிட்சைக் கவனிக்கிற மாட்யூல், அதாவது குட்டி புரோகிராம், ஒன்று உண்டு. அதை ஏறவிடாமல் தடுக்க ஒரு சின்ன ஃபைல் எழுதினால் போதும், பிறகு சுவிட்ச் வெறும் பிளாஸ்டிக் துண்டு. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே அதை எழுதினாள். மெஷினை அணைத்து எழுப்ப ரீபூட் என்று தட்டினாள். அவள் தலைக்கு மேலே வெள்ளைப் பலகையில், அவளே கொட்டை எழுத்தில் எழுதிவைத்த விதி தொங்கிக்கொண்டிருந்தது: பக்கத்தில் ஆள் இல்லாமல் தூரத்து மெஷினை ரீபூட் செய்யாதே. இதற்காகப் போன வாரம்தான் ஒருவனை நிற்கவைத்துக் காய்ச்சியிருந்தாள்.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் ஆயிற்று. புள்ளி சிவப்பாகவே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. சில மாடல்களில் அந்த மாட்யூல் இல்லாவிட்டால் வைஃபை திறக்கவே திறக்காது. வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார், பேச முடியாது, பட்டனும் வேலை செய்யாது, தம்பி வர இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம். நன்றாக இருந்த நூலையும் அவளே அறுத்துவிட்டாள். தையல்கார அத்தைக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஒன்பதாவது தடவைதான் எடுத்தார்.

“தையல் மெஷின் மோட்டார் ஓடிட்டிருந்துதும்மா, காதுல விழல.”

“அத்தை, உடனே அப்பாவைப் போய்ப் பாருங்க. ப்ளீஸ். எதையும் கேக்காதீங்க, போங்க.”

செருப்புச் சத்தம், சாவி, கதவு. ஒவ்வொன்றையும் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

“உக்காந்திருக்காரும்மா. விழல கிழல.” பிறகு குரல் தாழ்ந்தது. “முகந்தான் ஒரு மாதிரி வீங்கிக் கெடக்கு.”

“வீக்கமா? என்ன அத்தை சொல்றீங்க?”

“இரு, வெளிய வரேன்.” கதவு மறுபடி சாத்தும் சத்தம். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தனை நாளா முழுங்கிட்டு இருந்தேன். மத்தியானம் அவரு ஏலம் விடுறாரும்மா. நடுவுல ஒரு சுவருதானே. ‘ஒரு தரம்’, அது முட்டி மோதி வந்துடும். ‘ரெண்டு’ பாதி வரும். மூணு வராது. திரும்ப மொதல்ல இருந்து. அப்புறம் ஒரு அழுகை பாரு, எம் புருஷன் போனப்போ நான்கூட அப்படி அழுததில்ல. கேட்டுட்டேன்னு தெரிஞ்சா மனுஷன் கூசிப்போயிடுவாரேன்னு நான் மோட்டாரை ஓட்டிவிட்டுடுவேன். தைக்கத் துணி இல்லைன்னாலும் சும்மா ஓட்டுவேன்.”

அவள் சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“உள்ள போனை எடுத்துட்டுப் போங்க அத்தை” என்றாள். சுவிட்சை வேலை செய்யவிடாமல் செய்தது தான்தான் என்று போன் வழியாக அப்பாவிடம் சொன்னாள்.

டக், டக் என்று ஒற்றைக் கையின் தட்டல் கேட்டது. பிறகு அவள் பொருத்திய அந்த உணர்ச்சி கெட்ட கம்ப்யூட்டர் குரல், போன் வழியாக: “சுவிட்ச் நல்லாத்தான் இருந்தது. நான்தான் அணைச்சேன். ஏன் தொட்ட.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வாரமாக அந்த மெஷின் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறது. சுவிட்சால் அணைக்கப்பட்டது என்றால் யாரோ அணைத்தார்கள் என்றுதானே அர்த்தம்? அவள் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டாள், சூட்டைச் சந்தேகப்பட்டாள், அப்பாவுக்கும் ஒரு கதவு வேண்டியிருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. சாத்தியிருந்த அந்தக் கதவைத்தான் இன்று பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

“தப்புதான்ப்பா. திருப்பி வச்சிடறேன். அத்தை, நான் சொல்லச் சொல்லத் தட்டுங்க.”

தையல்கார அத்தை எழுத்தெழுத்தாகத் தட்டினார். சாய்ந்த கோடு எந்தப் பக்கம் சாயும் என்பதிலேயே ஐந்து நிமிடம் போனது. “ப்ளவுஸ் கழுத்துக்கு இவ்வளவு அளவு எடுத்ததில்லம்மா” என்றார்.

“இப்ப பாஸ்வேர்டு கேக்கும். அதை அப்பா போடணும்.”

தட்டல் சத்தம் வரவில்லை.

“கேட்டுட்டு நிக்குதும்மா. அண்ணன் கையை மடியில வச்சுட்டு உக்காந்திருக்காரு.”

அவளுக்குப் புரிந்தது. பதிவு எழுதாத ஒன்று: அந்தக் குண்டூசி விளக்கு எரிவதை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

“கேமராவையும் எடுத்துடறேன்ப்பா. மைக்கும். சத்தியமா. அந்தச் சிவப்புப் பட்டன் மட்டும் இருக்கட்டும்.”

கொஞ்ச நேரம் கழித்து டக், டக் என்று எட்டுத் தட்டல். மெஷின் அணைந்து எழுந்தது. திரையில் புள்ளி பச்சையானது. அத்தை வீட்டுக்குப் போனார். அவள் சொன்னபடியே கேமரா புரோகிராமைத் தன் கையால் அழித்தாள். ‘எடுத்துட்டேன்பா, இனிமே அந்த விளக்கு எரியாது’ என்று செய்தி அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் புள்ளி சிவப்பானது.

ஏன் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. இந்த நேரத்தில் அவர் விழுந்தால் பட்டன் உதவாது. அந்தப் பக்கம் மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருக்கும், விழுந்த சத்தம்கூடச் சுவரைத் தாண்டாது. இது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் தள்ளுகிறார். போனை எடுத்தாள், வைத்தாள். அத்தையைக் கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது? கொண்டுவந்த சாப்பாடு காய்ந்து கிடந்தது. ஒருவன் வந்து “நெட் வரலக்கா” என்றான். “அப்புறம் வா” என்றாள்.

நாற்பத்தோரு நிமிடம் ஆயிற்று. பிறகு பச்சை வந்தது. கூடவே ஒரு செய்தியும் வந்தது.

‘வேலையப் பாரு.’

‘சரிப்பா’ என்று தட்டினாள். எழுந்து கைகழுவும் அறைக்குப் போனாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, வெளியே யாருக்கும் கேட்காதபடி குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.