பட்டறை திறந்தால் பந்தி

எங்கள் வீட்டு ஹாலுக்கும் டிங்கரிங் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அடிபட்ட கார்களின் கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். இந்தப் பக்கம் என் மீன்தொட்டி. காலையில் முதல் சுத்தியல் விழுந்ததும் என் சில்வர் டாலர்கள் ஆறும் ஒன்றாகப் பாய்ந்து கண்ணாடியில் மடாரென்று மோதும்.

சில்வர் டாலர் என்றால் பெயருக்கேற்ப வட்டமாக, தட்டையாக, பளபளவென்று இருக்கும் மீன். சைவம். கூட்டமாகத்தான் வாழும், தனியாக விட்டால் மூலையில் முடங்கிவிடும். சட்டைப் பொத்தான் அளவில் எட்டு வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வளர்த்தேன். மோதி மோதியே இரண்டு செத்துப்போயின. நான் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். ராத்திரி முழுக்க அடுத்தவர் வலியோடு இருந்துவிட்டு வந்து, இந்தத் தொட்டி முன்னால் ஒரு டம்ளர் டீயோடு உட்காரும் நேரம் ஒன்றுதான் எனக்கே எனக்கானது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதித்து மிதித்து, வீட்டில் டம்ளர் உருண்டாலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். மீன்கள் மோதும்போதெல்லாம் அழுத்தும். இரண்டாவது மீன் செத்த அன்று பொறுமை இழந்துவிட்டார்.

"கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம். அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டான்."

"என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்?"

"அதுங்க என்ன உன் வார்டு பேஷண்டா, டிஸ்சார்ஜ் பண்ண மாட்டேன்னு அடம்பிடிக்க? இங்க இருந்தா எல்லாமே செத்துடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நான் செய்யாதது ஒன்றுமில்லை. தொட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். வீடே அதிரும்போது எந்தச் சுவராக இருந்தால் என்ன? பட்டறைக்காரரிடம் போய்க் கத்தினேன். "என்ன நர்சம்மா, காருக்கு வலிக்காமத் தட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டார். கடைசியாக, பயந்த மீன் ஒளிந்துகொள்ளட்டும் என்று விலை கூடிய செடிகளாகப் பார்த்து வாங்கித் தொட்டி நிறைய நட்டேன். டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் காம்புகள்தான் நின்றுகொண்டிருந்தன. ஒளிய இடம் கொடுத்தால் அந்த இடத்தையே தின்று தீர்த்திருக்கிறார்கள் மகராசர்கள்!

அந்த எரிச்சலில்தான் ஒரு காலை, பசலைக்கீரையை மிதக்காமலிருக்க ஒரு ஸ்பூனோடு சேர்த்துக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். அதே நேரம் சுத்தியல் விழுந்தது. எல்லாம் பின்பக்கம் பறந்தன. ஆனால் ஒன்று மட்டும், எப்போதும் எதற்கும் முதலில் வந்து நிற்கிற, நான் முந்திரிக்கொட்டை என்று கூப்பிடுகிற மீன், திரும்பி வந்தது. அந்தப் பக்கம் இரும்பு இடி இடிக்க, இந்தப் பக்கம் அது பாட்டுக்குக் கீரையைப் பிய்த்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. பிறகு மிச்சம் நான்கும் வந்தன.

டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஓடினால் எல்லாம் ஓடுகிற கூட்டம் இது. அப்படியானால் ஒன்று வந்தால் எல்லாம் வந்துதானே ஆக வேண்டும்? இவற்றின் பயத்தைவிடப் பெரியது வயிறு என்பதைச் செடிகளே எனக்குச் சொல்லியிருந்தன.

மறுபடி பட்டறைக்குப் போனேன். இந்த முறை கத்தவில்லை. "அண்ணே, தெனமும் முதல்ல மரச்சுத்தியால மெதுவாத் தட்டுங்க. நான் கீரையைப் போடுவேன். அப்புறமா இரும்பை எடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தூக்கம் கெட்டுப்போய் என்னமோ பேசறீங்க நர்சம்மா. சரி, மீனுக்கு மேளம் வாசிக்கணும், அவ்வளவுதானே? வாசிச்சுட்டாப் போச்சு."

சொன்ன சொல் தவறவில்லை மனுஷன். மரம் தட்டும், கீரை இறங்கும். வேறு எந்த நேரத்திலும் சாப்பாடு கிடையாது. நாளாக ஆக மோதல் குறைந்தது. ஓட்டம் துள்ளலாகச் சுருங்கியது. மூக்கில் இருந்த காயங்கள் ஆறின. ஆனால் என் வீட்டுக்காரர் மசியவில்லை.

"கண்ணு முன்னாடி கீரை இருக்கு, வருது. கீரை இல்லாம, இரும்பை எடுத்த எடுப்புல அடிக்கச் சொல்லு. அப்பவும் மோதலைன்னா நான் வாயே திறக்கல."

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரத் தம்பி வலையும் பிளாஸ்டிக் பைகளுமாக வந்துவிட்டான். பட்டறைக்கு விடுமுறை, எனக்காக அண்ணன் வந்து திறந்து வைத்திருந்தார். தொட்டியில் ஓர் இலை இல்லை. அந்நிய ஆள் வேறு நிற்கிறான். ஆறும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றன. முந்திரிக்கொட்டைகூட அசையவில்லை.

"அண்ணே, அடிங்க!" என்று சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

ணங்!

தண்ணீர் நடுங்கியது. ஆறும் ஒரு துள்ளு துள்ளின. என் வீட்டுக்காரரின் கால் தரையை அழுத்தியது. போச்சு என்று கண்ணை மூடப்போனேன்.

முந்திரிக்கொட்டை திரும்பியது. நேராக முன்பக்கம், கீரை இறங்கும் மூலைக்கு வந்து, தண்ணீருக்கு மேல் வாயை நீட்டியது. அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று என்று ஆறும் பந்திக்கு முந்துவதுபோல இடித்துக்கொண்டு வந்து நின்றன. அண்ணன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூடக் கண்ணாடியைத் தொடவில்லை.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன். ஊசி போட்டாலும் அழாத நர்ஸ் என்று பேர் வாங்கியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தினேன்.

"நிழல் பட்டாலே நடுங்குற மீன்க்கா இது!" என்றான் கடைக்காரத் தம்பி, வலையைக் கீழே வைத்துவிட்டு. "எப்படிக்கா பண்ணீங்க?"

"முதல்ல அந்தப் பையை மடிச்சு வைங்க தம்பி. சொல்றேன்."

என் வீட்டுக்காரர் சமையலறைக்குப் போய் ஒரு கட்டுக் கீரையையும் அப்படியே எடுத்து வந்து, தன் கையாலேயே தொட்டிக்குள் இறக்கினார்.

அடுத்த வாரம் ஒரு காலை, டியூட்டி முடிந்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். பேச்சுக் குரல் கேட்டு எழுந்து வந்தேன். பட்டறையிலிருந்து சத்தமே இல்லை. என் வீட்டுக்காரர், கையில் ஸ்பூன் கட்டிய கீரையோடு, சுவரைப் பார்த்து ஆத்திரமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே! இன்னும் ஆரம்பிக்கலையா? இங்க ஆறு பேரு வாயைத் தொறந்துகிட்டு நிக்கிறாங்க! சீக்கிரம் தட்டுங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு விழுந்தது, ணங்கென்று. அவருடைய கால் அசையவில்லை.