பத்து வரை

பாட்டில் கம்பெனியில் அவரை எல்லோரும் ஸ்டார்ட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் அங்கிருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் அவர் இரண்டு வரி தட்டினால்தான் பாட்டில் தூக்கும் மெஷினின் பன்னிரண்டு கைகளும் அசையும். முதல் வரி, மெஷினோடு பேசும் நெட்வொர்க் கார்டின் சாதாரண டிரைவர் மென்பொருளைக் கழற்றும். இரண்டாவது, கைகளுக்கு இம்மி பிசகாமல் கட்டளை அனுப்பும் வேக டிரைவரை மாட்டும். அதே இரண்டு வரியை ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைக் கோப்பில் எழுதித் தானாக ஓடவிட்டால், ‘கார்டு இல்லை’ என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். ஆறு வருஷமாக அவர் வீட்டு உலை அந்தக் கோளாறில்தான் கொதித்தது.

அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன் அவர் மனைவியின் தம்பி. மேனேஜர் காலில் விழாத குறையாக இவரே கெஞ்சி, வேலைக்குச் சேர்த்துவிட்ட பயல்.

“தானா ஓடிடுச்சுன்னா அன்னைக்கே உங்களுக்குக் கடைசி நாள்,” என்று மேனேஜர் ஸ்டார்ட்டரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

நான்கு நாள் மச்சினன் மண்டையை உடைத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் பதிந்துவைத்த லாகைப் படித்தான், ஸ்கிரிப்டைப் புரட்டிப் புரட்டி எழுதினான். ம்ஹூம். ஸ்டார்ட்டர் வாயைத் திறக்கவில்லை. வயிறு குளிர்ந்தது.

ஐந்தாம் நாள், மேனேஜரும் ஆபரேட்டர்களும் சுற்றி நிற்கும்போது பயல் ஆரம்பித்தான்.

“மாமா என்னத்தைக் கிழிச்சாரு? கொரங்கைப் பழக்குனா அதுவும் தட்டும். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், இவர் தட்டுனா ஓடுது.”

கூட்டம் சிரித்தது.

“எதுடா அதிர்ஷ்டம்?” ஸ்டார்ட்டருக்குக் காது சிவந்தது. “படிச்ச முண்டமே! கழட்டுனதும் கார்டு செத்த மாதிரி கெடக்கும். முழிக்க நேரம் குடுக்கணும். மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுத்தான் நான் அடுத்த வரியைத் தட்டுவேன். தெரியுமாடா உனக்கு?”

சொல்லி முடித்தபிறகுதான் சிரிப்பு நின்றிருப்பது அவருக்கு உறைத்தது.

மச்சினன் கீபோர்டை இழுத்தான். இரண்டு வரிக்கும் நடுவே ஒரு வரி சேர்த்தான்: பத்து நொடி பொறு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். யாரும் கீபோர்டைத் தொடவில்லை. பன்னிரண்டு கைகளும் எழுந்து நின்றன.

“அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன் மாமா,” என்றான்.

ஸ்டார்ட்டர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றார். பயல் அந்த எண்ணைக் குறைத்துக் குறைத்து, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டார்ட்டரின் உதடு தன்பாட்டுக்கு எண்ணியது. நாலு எண்ணும்போதே கைகள் எழுந்துவிட்டன.

“பத்து எதுக்கு மாமா? நாலே போதும்!” மச்சினன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினான். “ஆறு வருஷமா தினம் ஆறு செகண்டு எங்களைக் காக்க வெச்சிருக்கீங்க.”

மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை மேனேஜர்தான் முதலில்.