கௌதாரிக்கு விட்ட கோதுமை

கோதுமை வயலில் கௌதாரி முட்டை வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் கணவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைப்பதில்லை. மனைவி காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் போய்க் கூடுகளைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுப்புப் பக்கமே போவாள். "பேசாம வயலை அது பேருக்கே எழுதி வச்சிடு" என்று அவர் கிண்டலடிப்பார். அவள் காதில் ஏறினால்தானே!

மொத்தம் மூன்று கூடுகள். அறுப்பு மெஷின் ஓட்டுவது அவளுடைய தம்பி. அவனை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்; கிளம்பிவிட்டால் மேடு பள்ளம் பார்க்க மாட்டான். கௌதாரியோ முட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் சக்கரமே வந்தாலும் எழுந்திருக்காத பிறவி. அதனால் ஒவ்வொரு கூட்டுக்குப் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை அவள் நட்டாள். தம்பி அதைப் பார்த்து ஒதுங்கிப் போவான் என்று கணக்குப் போட்டாள்.

கணக்கு தப்பியது. கௌதாரி இரைக்குப் போன நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு கூடுகள் காலி. மூன்றாவது குச்சிமேல் காகம் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துக் கீழே பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதை விரட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "நானே காட்டிக் கொடுத்துட்டேங்க" என்று அழுதாள். அன்றைக்கு அவர் கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் காலை முன்னறை ஜன்னல் திரையைக் காணோம். அவள் ஆசை ஆசையாக வாங்கிய சிவப்புத் திரை. வயலுக்கு ஓடினால், எங்கே பார்த்தாலும் குச்சிகள், குச்சிக்கொரு சிவப்புக் கிழிசல். நடுவில் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இனி காக்கா எதைன்னு தேடும்?"

திட்டத்தான் வாயெடுத்தாள். திட்டு வரவில்லை. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

காகம் குச்சி குச்சியாக உட்கார்ந்து பார்த்து அலுத்துப் போனது. தன்னைப் பின்தொடர்ந்து வந்துவிடுமோ என்று அவளும் வயல் பக்கம் போவதை நிறுத்தினாள். இடையில் அடித்த காற்றில் கதிர்கள் சாய்ந்து வயலின் முகமே மாறிவிட்டது. அறுப்புக்கு மெஷின் வந்து நின்றபோதுதான் வம்பு தெரிந்தது.

"இதுல எந்தக் குச்சி, அக்கா?" என்றான் தம்பி.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார். "காக்காவுக்குத் தெரிஞ்ச குச்சியாச்சேன்னு அதை மட்டும் பிடுங்கி வேற இடத்துல நட்டுட்டேன்."

"எங்கேருந்து பிடுங்கினீங்க?"

"அதான்... அந்தப் பக்கம் எங்கேயோ."

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முற்றிய கதிர் நனைந்தால் இத்தனை நாள் பட்ட பாடு மண்ணோடு போகும். அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "நீ ஓட்டுடா" என்றாள்.

"ஓட்டட்டும். நாம முன்னாடி நடப்போம்" என்றார் அவர்.

இருவரும் கதிரை விலக்கி விலக்கி நடந்தார்கள். பின்னால் 'அவசரம்' ஆமை வேகத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, மழை நமக்காக நிக்காது."

"தெரியும்டா. வாயை மூடிட்டு வா."

கால்வாசி வயல் மிச்சமிருந்தபோது அவர் கையைத் தூக்கினார். காலடியில் கௌதாரி. உடம்பு அசையவில்லை, கண்ணை மட்டும் உருட்டியது. அவள் அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதைச் சுத்தி ஒரு பாய் அளவுக்கு விட்டுட்டு மத்ததை அறுத்துடறேன்" என்றான் தம்பி. முதல் தூறல் விழுந்தது.

மொட்டைத் தரையில் அந்த ஒரு திட்டு மட்டும் தனியாக நின்றால் கூடு அங்கேதான் என்று காகத்துக்குத் தெரிந்துவிடும் என அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவர் உழைப்பில் விளைந்ததை அறுக்காமல் விடச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"வேண்டாம்டா, அதுவும் குச்சி நட்ட மாதிரிதான்" என்றார் அவர். "இங்கேருந்து வேலி வரைக்கும் அப்படியே விட்டுடு."

"மாமா, அவ்வளவும் நனைஞ்சு வீணாப் போயிடும்!"

"போகட்டும். வண்டியைத் திருப்பு."

மழை வலுத்தது. அவர் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "எழுந்திரு, போலாம். நாம இங்கேயே நின்னா காக்கா என்னன்னு எட்டிப் பார்க்கும்."

அவள் எழுந்தாள். தம்பி பார்க்கிறானே என்றுகூட நினைக்காமல், வீடு வரும்வரை அந்தக் கையை அவள் விடவேயில்லை.