கெண்டை வந்த வழி

“கொட்டினேன், ஆமா கொட்டினேன், அதுக்கு இப்ப என்ன...”

“என்னவா? அண்ணே, ஏரியே போச்சு, நீ என்னடான்னா...”

“கத்தாதே! கரையில ஆளுங்க இருக்காங்க. ஒரு வாளிப் பொடிமீனு. இந்த ஊர்ல யாருதான் கொட்டலை? மிச்சமான இரைமீனைத் தரையில போட்டுச் சாகடிக்கவா சொல்றே?”

“சாகடிக்கத்தான் சொல்றேன். அங்க பலகையில அதைத்தானே எழுதி வச்சிருக்கு!”

ஹாக்பெர்ரி ஏரியின் படகுத்துறையில் ஆர்டிஸும் அவள் அண்ணன் மெர்லும் நின்றிருந்தார்கள். அவளுடைய அரசாங்கப் படகின் தொட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை புரண்டுகொண்டிருந்தது. காலையில் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மிதந்த மீன்களை வலையால் அள்ளிப் பார்த்தபோது அகப்பட்டது. ஒன்று என்றால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். நாற்பத்தொன்று.

அயோவாவில், மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிற மீன்பிடி ஏரி அது. ஒரு காலத்தில் கெண்டை பெருகி, அடிச்சேற்றைக் கிளறிக் கிளறி, தண்ணீர் ஆறிப்போன காப்பி மாதிரி ஆகிவிட்டிருந்தது. மீன்வளத் துறையில் வேலை பார்க்கும் ஆர்டிஸ் பதினோரு வருஷம் மேலிடத்தைக் குடைந்து குடைந்து, ஏரியை வடியவிட்டு, மருந்தடித்துக் கெண்டையை ஒழித்து, வண்டலை வாரி, புதுத் தண்ணீரில் தூண்டில்காரர்கள் தேடி வரும் புளூகில், பாஸ் என்ற மீன்களின் குஞ்சுகளை விட்டாள். மெர்லும் சும்மா இருக்கவில்லை. மீன்கள் ஒண்டிக்கொள்ள நாற்பது தேவதாரு மரங்களை வெட்டி, கல் கட்டி, ஏரிக்குள் இறக்கியவன் அவன்தான்.

“ஆத்துல வலை போட்டு அள்ளின பொடிமீனு அது. அதுல கெண்டைக் குஞ்சு கலந்திருக்கும்னு நான் என்ன கனவா கண்டேன்? குஞ்சுல எல்லாம் ஒரே மூஞ்சிதானே!”

“அதனாலதான் கொட்டக் கூடாதுங்கிறது.”

“அப்ப ஏன் அன்னைக்கே சொல்லலை? மூணு வருஷம் முன்னாடி, ஏரியை மறுபடி திறந்த விழா அன்னைக்கு, என் பக்கத்துலதானே நின்னே? வாளியைக் கவுத்து, ‘போய்ப் பொழைங்கடா’ன்னேன். நீ சிரிச்சே.”

சிரித்தாள்தான். ஊரே கைதட்டி, முதல் தூண்டிலை வீசும் மரியாதையை அண்ணனுக்குக் கொடுத்த நாள். அன்றைக்குப் போய் அவனை அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வாளிதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

“மேலிடத்துக்கு எழுது. கொட்டினவன் அண்ணன், வேடிக்கை பார்த்தவ தங்கச்சின்னு எழுது.” மெர்ல் குரலை இறக்கினான். “இல்லேன்னா, அந்த வருஷம் மழை அடிச்சு ஊத்துச்சில்ல? மேல டெல்மரோட குளம் வழிஞ்சு இங்க வந்துச்சுன்னு எழுதிடேன்.”

“டெல்மரா? அந்த மனுஷன் நமக்கு என்ன பண்ணினான்?”

டெல்மர் ஏரிக்கு மேலே சோளம் பயிரிடுகிறவன். வண்டல் ஏரியில் இறங்காமல் இருக்க, தடுப்புக் குட்டை வெட்டிக்கொள்ளுங்கள் என்று நாலு ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்தவன்.

“ஒண்ணும் பண்ணலைதான். உனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. பார்த்துக்கோ.”

மறுநாள் ஆர்டிஸ் துறையின் படிவத்தில், கெண்டை வந்த வழி என்று கேட்டிருந்த இடத்தில், ‘மேலேயுள்ள தனியார் குளம் வழிந்ததாகச் சந்தேகம்’ என்று எழுதினாள். சந்தேகம் என்றுதானே எழுதினோம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

துறைக்குச் சந்தேகமே போதுமானதாக இருந்தது. முதலில் அந்தக் குளத்துக்கு மருந்தடிக்க வேண்டும், பிறகுதான் ஏரியை மறுபடி சீர்செய்கிற பேச்சே என்று டெல்மருக்குக் கடிதம் போயிற்று. செய்தி ஊருக்குள்ளும் போயிற்று. காப்பிக் கடையில் எல்லாரையும்விட உரக்கப் பேசியவன் மெர்ல்.

பத்து நாள் கழித்து ஆர்டிஸ் படகுத்துறையில் வலையை அலசிக்கொண்டிருந்தபோது டெல்மர் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். சட்டைப்பையில் அந்தக் கடிதம்.

“சண்டைக்கு வரலை ஆர்டிஸ்.”

“உக்காரு டெல்மர்.”

“உக்கார வரலை. கடையில நான் உள்ளே நுழைஞ்சா பேச்சை நிறுத்திடுறாங்க. ஏரியைக் கெடுத்தவன்னு உன் அண்ணன் என் மூஞ்சிக்கு நேராவே சொல்றான். சரி, போகட்டும். கையெழுத்துப் போட்டுட்டேன். என் பேத்திங்க தூண்டில் போடுற குளம், அதுல இருக்கிறதையும் கொன்னுடுங்க.”

அவள் வலையைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் மீன் கணக்கெடுக்க நீயே படகை இறக்கி என் குளத்தைப் பூரா அலசினியே, அதுல ஒரு கெண்டையாவது இருந்துச்சா?”