புகையில்லாத வீடு

ஆலைக் குடியிருப்பில் வீடு என்றால் ஒரே அறை. முன்னால் கதவு, மற்ற மூன்று பக்கமும் சுவர். புகை போகப் பின்சுவரில் ஜன்னல் வைத்துத் தரக் கேட்டு வரிசை முழுவதும் கைநாட்டு வைத்து மனுப் போட்டிருந்தது. நேரில் பார்த்து முடிவெடுக்க ஒரு துரை வருகிறார் என்று தெரிந்ததும் பெண்கள் கூடிப் பேசினார்கள்.

"கடல் தாண்டி வந்த மனுஷன். நம்ம வீட்டுல வந்து கண்ணைக் கசக்கிட்டு நின்னா யாருக்குக் கேவலம்?" என்றாள் தந்தி. எந்தச் சேதியும் அவளிடம்தான் முதலில் வரும். அதனால் அந்தப் பெயர்.

கரிபிடித்த சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். துரை வரும் நாளில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

தறிக்காரன் வீட்டுக்குள்தான் துரை முதலில் நுழைந்தார். கூடவே பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் குமாஸ்தா. தறிக்காரனின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். மழை விட்டும் குழந்தைக்கு இருமல் விடவில்லை. ஜன்னல் வந்தால் விடும் என்று இருந்தாள்.

துரை சுவரைத் தடியால் தட்டினார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னத்த மோந்து பாக்கறாரு?" என்று வாசலிலிருந்து தந்தி கிசுகிசுத்தாள்.

"உன்னைத்தான். வாயை மூடு," என்றான் தறிக்காரன்.

"எத்தனை பேர் இங்கே படுக்கறீங்க?" என்று குமாஸ்தா கேட்டார்.

"நாலு பேருங்க. அத்தை கட்டில்ல. நாங்க கீழ," என்றாள் மனைவி.

"கட்டில் நான் கொண்டுவந்தது. அதையும் எழுதிக்கச் சொல்லு," என்றாள் கட்டிலில் இருந்த மாமியார்.

துரை எழுதினார். என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னங்க சொல்றாரு?"

"வீடு சுத்தமா இருக்காம். காத்தும் நல்லா இருக்காம். ஜன்னல் தேவையில்லைங்கறார்," என்றார் குமாஸ்தா.

குழந்தை இருமியது.

"அடுப்பை அணைச்சு வச்சீங்களே, மகராசிங்களா," என்று தறிக்காரன் பல்லைக் கடித்தான்.

மனைவி குழந்தையை வாசலில் நின்ற தந்தியிடம் கொடுத்தாள். "துரையை உக்காரச் சொல்லுங்க. நம்ம வீட்டுக்கு வந்துட்டு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமப் போகக் கூடாது."

துரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமியார் காலை மடக்கி இடம் விட்டாள், மனசில்லாமல்.

அவள் விறகை அடுக்கினாள். ஆலை கொடுக்கிற விறகு, ஈரம். பற்றவைத்து, எழுந்து, கதவைச் சாத்தினாள்.

"கதவு எதுக்கு?" என்று குமாஸ்தா பதறினார்.

"தெருக்காத்து அடிச்சா தீ நிக்காதுங்க. எப்பவும் சாத்தித்தான் சமைப்போம்."

புகை கூரைக்குப் போய் முட்டியது. போக வழியில்லாமல் திரும்பி இறங்கியது. துரை முதலில் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். பிறகு இருமினார். எழுந்தவர், புகை மேலேதான் அடர்த்தி என்று கண்டு மறுபடி உட்கார்ந்தார். மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படியான்னு கேக்கறார்," என்றார் குமாஸ்தா. புகையில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

"இல்லைங்க. இது தேத்தண்ணிக்கு மட்டும். சமையலுக்கு இன்னும் நேரம் எரியணும்."

தண்ணீர் கொதிக்கும்வரை துரை இருந்தார். ஏன் இருந்தார் என்று தறிக்காரனுக்குப் புரியவில்லை. கதவைத் திறந்ததும் தம்ளரோடு தெருவுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. எழுதியதைப் பார்த்தார். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. அடுத்த வீட்டைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அங்கேயும் அடுப்பைப் பத்தவைக்கணுமாம்," என்றார் குமாஸ்தா.

அது தந்தியின் வீடு. "ஐயோ, எங்க வீட்டுல தேயிலை இல்லையே," என்றாள் அவள்.

"வெந்நீர் போடுடி," என்று மாமியார் உள்ளே இருந்து கத்தினாள். "கதவை நல்லா சாத்து."