முப்பது கிலோ பெட்டி

பஞ்சநாதன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை விமானத்தில் போனவர். அதுவும் டெல்லிக்கு, யாரோ எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில். அதற்கே மரக்காணத்தில் அவர் பைலட் ஆகிவிட்டார். பூவிழி தன் இரண்டு வயது மகன் சித்தார்த்தனைத் தூக்கிக்கொண்டு மஸ்கட் போகிறாள் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், மனுஷன் உப்பு வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் வீட்டிலேயே பழியாய்க் கிடந்தார்.

"புள்ளைக்குக் காதுல பஞ்சு வச்சுடு. மேல போயி பிரேக் போட்டா அடைச்சிக்கும்."

ஆகாயத்தில் பிரேக்காம். பூவிழி சிரிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். மாமனார் குழந்தைசாமி மட்டும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். அவர் பாத்தியில் விளையும் உப்பையெல்லாம் எடைபோட்டு வாங்குகிற வியாபாரி பஞ்சநாதன்தான். தலையாட்டாமல் என்ன செய்வார், பாவம்.

பெட்டி அடுக்குவது தனிக் கூத்து. அவள் ஒன்றை உள்ளே வைத்தால் சித்தார்த்தன் இரண்டை வெளியே எறிந்தான். டயப்பரைத் தலையில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். சத்துமாவு டப்பாவை மட்டும் அவன் கைக்கு எட்டாமல் அடியில் வைத்தாள். அவள் கணவன் பாலகுரு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளை வயிற்றில் இருந்தான். அதன்பிறகு பார்த்ததெல்லாம் போனில்தான். நேரில் பார்த்ததும் 'நல்லா வளத்திருக்கே' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். போன வாரம்தான் அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். பதினொரு கிலோ. டீச்சரே கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

பெட்டி முப்பது கிலோவைத் தாண்டக்கூடாது என்றதும் பஞ்சநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். "என் தராசு எதுக்கு இருக்குது? ஒரு கிராம் தப்பாது."

உப்புக் கிடங்கில் மூட்டைகளை எடைபோடும் தராசில் பெட்டியை ஏற்றினார்கள். இருபத்தேழு. இறக்கிய கையோடு சித்தார்த்தன் தானே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பத்து.

"என்னம்மா இது, பத்து கிலோதான் இருக்கான்? மாவு காச்சி ஊத்தறேன்னு சொன்னியே. பாலகுரு பாத்தா என்ன நெனைப்பான்?"

"அங்கன்வாடியில பதினொண்ணு இருந்துச்சுங்க."

"அது ஓட்டைத் தராசும்மா."

அந்த ஆள் சொன்ன பிரேக்கையும் பஞ்சையும் நம்பாதவள் இதை நம்பித் தொலைத்தாள். அவமானத்தில் முகம் எரிந்தது. அந்தச் சமயம் பார்த்து அவர், "இன்னும் மூணு கிலோ போகும்" என்று மஸ்கட்டில் இருக்கும் தன் மகளுக்கான ஊறுகாய்ப் பார்சலைப் பெட்டிக்குள் திணித்தார். மஸ்கட்டில் ஊறுகாயே கிடைக்காதாக்கும். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தராசு சரியாக முப்பது காட்டியது. வீட்டுக்கு வந்து பிள்ளையின் விலாவைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

சென்னை விமான நிலையத்தில் மாமனாரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே கவுண்டரில் எடை பெல்ட்டில் பெட்டியை வைத்ததும் முப்பத்திமூன்று காட்டியது.

"மூணு கிலோ எக்ஸ்ட்ரா மேடம். எதையாவது எடுத்துடுங்க."

"முப்பதுதான்னு போட்டுப் பாத்து கொண்டாந்தோம்மா."

கவுண்டர் பெண் உதட்டைப் பிதுக்கினாள். பின்னால் நின்றவர்கள் முனக, பூவிழி பெட்டியைத் தரையில் இழுத்துப் பிரித்தாள். எதை எடுப்பது? கை சத்துமாவு டப்பாமேல் போய் நின்றது. இளைத்த பிள்ளைக்கு இதையும் விட்டுவிட்டுப் போவதா? அதற்குள் சித்தார்த்தன் காலியான பெல்ட்டில் ஏறி, கிடங்கில் உட்கார்ந்த மாதிரியே சம்மணம் போட்டான்.

பதினொன்று.

"குழந்தைய இறக்குங்க மேடம்."

"இரும்மா, கொஞ்சம் இருக்கட்டும்."

அந்த எண்ணை விட்டு அவள் கண் அகலவில்லை. பிள்ளை இளைக்கவே இல்லை. தான் பெற்று வளர்த்த பிள்ளையை விட்டுவிட்டு அந்த ஆளின் தராசை நம்பியிருக்கிறாள். பெட்டியும் அங்கே குறைந்தது, பிள்ளையும் அங்கே குறைந்தான். அப்படியானால் மாமனாரின் உப்பு?

ஊறுகாய்ப் பார்சலை உருவி எடுத்தாள். பெட்டி முப்பதுக்கு வந்தது. பார்சலைத் தனியாக வைத்துப் பார்த்தாள். சரியாக மூன்று. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவுக்கு ஓடி, காவலரிடம் கெஞ்சி அதை மாமனார் கையில் கொடுத்தாள்.

"மாமா, நம்ம புள்ள பதினொரு கிலோ இருக்கான். இந்தப் பார்சல் மூணு கிலோ. ரெண்டையும் இங்க போட்டுப் பாத்துட்டேன்."

"முதலாளி தராசுல பையன் பத்துதானேம்மா காட்டுச்சு?"

"நாளைக்கு நம்ம உப்ப எடை போடறப்ப, மொதல்ல இத வைக்கச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப. மூணு காட்டலன்னா, மீதி ஊறுகாய யாரு தின்னதுன்னு கேளுங்க."

குழந்தைசாமிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, தன்னை அறியாமல் வலது தோளைத் தேய்த்துக்கொண்டார். மூட்டை சுமந்து சுமந்து காய்ப்புக் காய்த்த தோள்.

"வயசாவ வயசாவத்தான் மூட்டை கனக்குதுன்னு நெனைச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.